303 துப்பாக்கியும் அதன் இனங்களும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலை நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதயன்குளங்கரை, பாறசாலை என்னும் ஊர்களைக் கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டினுள் நுழைகிறது. எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் நிலத்தின் இயல்பு ஒன்றே. மரச்சீனியும் வாழையும் தென்னையும் ரப்பரும் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும் விளைகள். விளைக்கு ஒரு வீடு. இப்பகுதி மக்கள் துப்பாக்கியைக் கண்ணெதிரே காணும் சந்தர்ப்பங்கள் மூன்று. நெடுங்காலம் காவலர் தோளில் அதைக் கண்டனர். பள்ளி மைதானத்தில் தேசிய மாணவர் படையினர் கையில் காண்கின்றனர். அண்மைக் காலத்தில், பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட வரும் லைசென்ஸ்காரர் கையிலும் காண்கின்றனர். இம்மூன்று இடங்களிலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த துப்பாக்கிகள் வழங்கி வந்திருக்கின்றன. 'லீ என்ஃபீல்டு' என்பது அக்குடும்பத்தின் பெயர். '303' என்று சொன்னால்தான் நம்மவர்க்கு விளங்கும்.

உருவத்தில் உடன்பிறந்தவைபோல் தோன்றும் இத்துப்பாக்கிகள் ஆற்றலில் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடுபவை. எவ்வளவு தூரத்தில் உள்ள எதைச் சுடுவதற்காக என்று கேட்டு, அதற்கு விடையாகவே ஒவ்வொரு வகையும் அமைக்கப்பட்டது. அந்த விடையை அறியாமல் துப்பாக்கியைக் கையிலெடுப்பது ஆபத்தானது. மாணவர் படைக்குப் பொறுப்பேற்ற ஆசிரியர்களுக்கும் வன எல்லையில் பணிபுரியும் ஊழியர்களுக்கும் இது நேரடியாகத் தேவைப்படும் அறிவாகும்.

கதவின் தாழ்ப்பாளை நினைவில் கொண்டால் இத்துப்பாக்கியின் உயிர்நாடி விளங்கிவிடும். படையினர் 'போல்ட்' என்று அழைக்கும் உருளை வடிவான எஃகுத் தாழ் ஒன்று குழலின் பின்வாயை மூடுகிறது. அதன் கைப்பிடியை மேலே தூக்கினால் பூட்டு விடுபடும். பின்னால் இழுத்தால், தாழின் முனையிலுள்ள கொக்கி சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூட்டைப் பற்றி வெளியே எறியும். முன்னால் தள்ளினால், அடியிலுள்ள தோட்டாப் பெட்டியின் சுருள்வில் மேலே உயர்த்தி வைத்திருக்கும் அடுத்த தோட்டா குழலுக்குள் செல்லும். கைப்பிடியைக் கீழே மடக்கினால் மீண்டும் பூட்டு விழும். விசையை இழுத்ததும் சுடும் ஊசி பாய்ந்து, தோட்டாவின் அடியிலுள்ள கேப்பை அடித்து மருந்துக்குத் தீ மூட்டும்.

இந்த அமைப்பை வகுத்தவர் ஜேம்ஸ் பாரிஸ் லீ. ஸ்காட்லாந்தில் 1831இல் பிறந்து, கனடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் தொழில் செய்தவர். கழற்றி மாட்டக்கூடிய தோட்டாப் பெட்டிக்கு 1879இல் அவர் காப்புரிமை பெற்றார். அவருடைய தாழின் சிறப்பு, பூட்டும் முனைகள் அதன் பின்பகுதியில் இருப்பது. ஜெர்மானியரான மவுசர் 1898இல் வகுத்த புகழ்பெற்ற துப்பாக்கியில் அவை முன்பகுதியில் உள்ளன. மவுசரின் கைப்பிடியை 90 பாகை தூக்க வேண்டும். லீயின் கைப்பிடிக்கு ஏறத்தாழ 60 பாகை போதும். இழுக்கும் தொலைவும் குறைவு. ஊசியின் வில்லைச் சுருக்கும் வேலை பெரும்பாலும் தாழை முன்னே தள்ளும் கட்டத்தில் நிகழ்வதால், தூக்கும்போது கை எளிதாக இயங்கும். பத்துத் தோட்டாக்கள் கொள்ளும் பெட்டியும் சேர்ந்துகொள்ள, தேர்ந்த சிப்பாய் நிமிஷத்துக்குப் பதினைந்து முறை குறிபார்த்துச் சுட முடிந்தது. சேறும் புழுதியும் புகுந்து அடைத்துக்கொள்ளும் பள்ளங்கள் முன்பகுதியில் இல்லாமையும் ஒரு நன்மையே.

ஆயினும் இதற்கு ஒரு விலையும் உண்டு. பூட்டு பின்னால் இருப்பதால், வெடிப்பின் அமுக்கம் தாழின் நீளம் முழுவதையும் தாக்குகிறது. எஃகேயாயினும் அது ஒரு வில்லைப்போல் நுண்ணளவு சுருங்கி மீளும். தோட்டாவின் பித்தளைக் கூடும் அதற்கேற்ப நீளும். 303 தோட்டாவின் அமுக்கத்துக்கு இது கேடு செய்யவில்லை. அதைவிட வலிமையான தோட்டா வந்தபோதுதான் சிக்கல் எழுந்தது; அதைப் பின்னர்க் காண்போம்.

மற்றொரு தொல்லை தோட்டாவின் வடிவிலேயே இருந்தது. 303 தோட்டாவின் அடியில் வட்டமான விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். பெட்டியில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் சென்றுவிட்டால், தாழ் எவ்வளவு தள்ளினாலும் தோட்டா நகராது. ஆகையால் ஐந்து தோட்டாக்களைக் கோக்கும் தகட்டுக் கிளிப்பில் விளிம்புகளை ஒன்று கீழ், ஒன்று மேல் என மாற்றி மாற்றி அடுக்கினர்.

துப்பாக்கிக்குப் பெயர் வந்த கதையில் ரசாயனப் பாடம் ஒன்று அடங்கியிருக்கிறது. 1888இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்ற முதல் வகைக்கு 'லீ மெட்ஃபோர்டு' என்று பெயர். மெட்ஃபோர்டு என்பவர் வகுத்த குழலினுள் ஆழமற்ற, வளைந்த விளிம்புடைய ஏழு சுருள்வரைகள் இருந்தன. அன்றைய கரிமருந்து எரிந்தபின் குழலில் அடர்ந்த கசடு படியும். வளைந்த வரைகளைத் துடைத்தெடுப்பது எளிது. சில ஆண்டுகளில் கரிமருந்தின் இடத்துக்குப் புகையற்ற கார்டைட் வந்தது. முதல் கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் 58 பங்கு, வெடிபஞ்சு 37 பங்கு, வாஸலின் 5 பங்கு. கசடு குறைந்தது, உஷ்ணமோ மிகுந்தது. அந்த உஷ்ணத்தில் மெட்ஃபோர்டின் மெல்லிய வரைகள் விரைவில் அரிக்கப்பட்டு வழவழப்பாயின. இங்கிலாந்தின் என்ஃபீல்டு தொழிற்சாலையார் சதுர விளிம்புடைய, ஆழமான ஐந்து வரைகளை வெட்டி அக்குறையைத் தீர்த்தனர். 1895இல் 'லீ என்ஃபீல்டு' பிறந்தது. மருந்து மாறினால் குழலும் மாற வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது. இந்தக் கார்டைட்டை இந்தியாவிலேயே காய்ச்சுவதற்கென 1903இல் நிறுவப்பட்டதுதான் நீலகிரியில் குன்னூரை அடுத்த அருவங்காடு தொழிற்சாலை.

போயர் யுத்தத்தின் அனுபவத்துக்குப்பின், காலாட்படைக்கு நீண்டதும் குதிரைப்படைக்குக் குட்டையானதுமாக இரு வகைகளை வைத்திருப்பது வீண் என்று முடிவு செய்யப்பட்டது. 30 அங்குலக் குழல் 25 அங்குலமாகக் குறைக்கப்பட்டு, இருவர்க்கும் பொதுவான துப்பாக்கி 1903இல் வந்தது. 1907இல் ஏற்கப்பட்ட அதன் 'மார்க் 3' என்ற வகையே இந்தியாவில் மிகுதியாகப் பரவியது. எடை ஏறத்தாழ 3.9 கிலோகிராம், மொத்த நீளம் 1.13 மீட்டர். 1910ஆம் ஆண்டளவில் இதற்கென வந்த 'மார்க் 7' தோட்டாவின் குண்டு 11.3 கிராம் எடையுடையது. வாயிலிருந்து வினாடிக்கு 744 மீட்டர் வேகத்தில் புறப்படும்.

இவ்விரண்டு எண்களைக் கொண்டே ஆசிரியர்கள் ஒரு வகுப்பு நடத்திவிடலாம். குண்டின் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 3,100 ஜூல். அதன் உந்தம் வினாடிக்கு 8.4 கிலோகிராம் மீட்டர். எனவே நான்கு கிலோ எடையுள்ள துப்பாக்கி வினாடிக்கு 2.1 மீட்டர் வேகத்தில் பின்னுதைக்கும். வாயுக்களின் உந்தத்தையும் கூட்டினால் உதை இன்னும் மிகும். குழலின் சுருள்வரை 10 அங்குலத்துக்கு ஒருமுறை சுற்றுவதால், குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 2,900 தடவை சுழன்றுகொண்டே செல்லும். சுழலும் பம்பரம் சாயாதிருப்பதுபோல் அதுவும் புரளாமல் பறக்கும். நூறு மீட்டரைக் கடக்க ஆகும் காலம் 0.14 வினாடி. அதற்குள் புவியீர்ப்பினால் அது விழும் ஆழம் சுமார் 10 சென்டிமீட்டர். குறிக்கம்பங்கள் குழலுக்கு நேர் இணையாக இல்லாமல் சற்றுச் சாய்வாக அமைவது ஏன் என்பது மாணாக்கர்க்கு இதனால் விளங்கும்.

அக்குறிகளில் பொறிக்கப்பட்ட தூரங்களே இத்துப்பாக்கியின் வரலாற்றை நன்கு எடுத்துரைக்கின்றன. மார்க் 3இன் பின்குறியில் 2,000 கெஜம் வரை கோடுகள் உள. போதாக்குறைக்குப் பக்கவாட்டில் 2,800 கெஜம் வரை காட்டும் தனிக்குறி ஒன்றும் இருந்தது. ஒன்றரை மைலுக்கு அப்பால் தனி மனிதன் கண்ணுக்கே தெரியான். அணிவகுத்து வரும் கூட்டத்தின்மீது ஒரு படைப்பிரிவே சேர்ந்து குண்டுமழை பொழிவதற்காக ஏற்பட்ட அமைப்பு அது. முதல் உலக யுத்தத்தில் பதுங்குகுழிகளுக்கிடையே சில நூறு கெஜத் தூரத்தில் போர் நடந்தபோது, பக்கக்குறியும் வேறு சில உறுப்புகளும் வீண் என நீக்கப்பட்டன. இவ்வாறு எளிதாக்கப்பட்டதற்கு 'மார்க் 3 ஸ்டார்' என்று பெயர். இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டன் துளைவழி குறிபார்க்கும் 'நான்காம் எண்' துப்பாக்கிக்கு மாறியது. காட்டுப்போருக்கென 1944இல் குழலைக் குறைத்து, எடையை 3.2 கிலோவாக்கிய 'ஐந்தாம் எண்' வந்தது. எடை குறைந்ததால் உதை கூடி, சிப்பாய்களின் தோளை வருத்தியது. இந்தியாவோ பழைய மார்க் 3 ஸ்டாரையே தொடர்ந்து செய்தது.

அதைச் செய்த இடம் கல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி நதிக்கரையிலுள்ள இஷாப்பூர். வெடிமருந்துச் சாலையாக இருந்த அவ்விடத்தில் 1904இல் துப்பாக்கித் தொழிற்சாலை ஏற்பட்டது. நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் மரக்கட்டை பிளவுபடுவதைத் தடுக்க, முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகாணியைச் செலுத்தும் வழக்கம் இஷாப்பூர்த் துப்பாக்கிகளுக்கு ஓர் அடையாளமாயிற்று.

1962இல் இமயமலை எல்லையில் இந்தியச் சிப்பாய்கள் இந்த 303ஐக் கொண்டே போரிட்டனர். எதிரிலிருந்த சீனப் படையினரிடம், ஒவ்வொரு சூட்டுக்கும் தாழை இழுக்க வேண்டாத, தானே மறுதோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகள் இருந்தன. அக்காலத்திலேயே 7.62 மில்லிமீட்டர்த் தோட்டாவுக்கு மாற நாடு முடிவு செய்தது. தானே தோட்டா ஏற்றும் புதிய துப்பாக்கி போதிய அளவில் கிடைக்கும்வரை இருப்பு ஆயுதமாகப் பயன்பட, இஷாப்பூர் வல்லுநர்கள் பழைய லீ அமைப்பையே புதிய தோட்டாவுக்கு ஏற்றவாறு செய்தனர். பின்பூட்டின் பலவீனம் இங்கேதான் குறுக்கிட்டது. 7.62 தோட்டாவின் அமுக்கம் 303ஐவிட மிகுதி. பழைய எஃகு அதை நெடுநாள் தாங்காது. ஆகவே உயர்ந்த கலப்பு எஃகினால் புதிதாகவே செய்தனர். வெளிவந்தது '2ஏ' என்னும் வகை. பன்னிரண்டு தோட்டா கொள்ளும் சதுரப் பெட்டி அதன் அடையாளம். சில ஆண்டுகளில் அது '2ஏ1' ஆயிற்று. இரண்டுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு பின்குறியில் மட்டுமே. 2ஏ வகையில் 2,000 வரை இருந்த கோடுகள் 2ஏ1இல் 800 மீட்டரோடு நின்றுவிட்டன. பக்கக்குறியின் 2,800 கெஜத்திலிருந்து 800 மீட்டருக்குத் துப்பாக்கியின் 'பார்வை' சுருங்க ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆயின.

குறி சுருங்கினாலும் குண்டு சுருங்குவதில்லை. உயர்த்திச் சுட்டால் மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலும் சென்று விழும் ஆற்றல் 303 குண்டுக்கு எப்போதும் உண்டு. மைதானத்தில் எதிரிப் படைமீது சுடுவதற்கு அமைந்த ஆயுதம் ஊர்க்கூட்டத்தின்முன் நிறுத்தப்படும்போது இது பெருங்கேடாகும். நெய்யாற்றின்கரை மக்களின் நினைவில் துப்பாக்கிச்சூடு என்பது பழங்கதையன்று. பொறுப்பாட்சி கோரி நடந்த இயக்கத்தில், என். கே. பத்மநாப பிள்ளை கைதானதை எதிர்த்துத் திரண்ட கூட்டத்தின்மீது 1938 ஆகஸ்டு 31ஆம் நாள் திருவிதாங்கூர்ப் படையினர் சுட்டதில் வீரராகவன் முதலானோர் உயிரிழந்தனர். எல்லைக்கு அப்பால், தமிழ்த் தாலுகாக்களைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரிய போராட்டத்தில், 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் சுட்டனர். 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது.

காவல் பணிக்கு நெடுந்தூர ஆயுதம் பொருந்தாது என்பதைப் பிரிட்டிஷ் சர்க்காரும் அறிந்திருந்தது. அதன் நோக்கத்தில், ஆயுதம் பிறர் கைக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்ற அச்சமும் கலந்திருந்தது. இதற்காக 303இன் குழலை அகற்றி, சுருள்வரை இல்லாத 410 அளவுக் குழலைப் பொருத்தினர். தோட்டாப் பெட்டியில் மரத்துண்டை அடைத்து, ஒரு முறைக்கு ஒரு தோட்டா மட்டும் ஏற்றுமாறு செய்தனர். 'மஸ்கட்' என வழங்கிய இது அண்மைத் தூரத்துக்கே உரியது. வெளிப்பார்வைக்கு 303 போலவே இருக்கும். ஆயினும் நாட்டின் பல ராஜ்யங்களில் போலீசார் பல பத்தாண்டுகள் சுமந்தது முழு ஆற்றலுள்ள 303ஐத்தான். 2008இல் பம்பாய் சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் தாக்குதல் நடந்தபோதும் காவலர் கையில் அது இருந்தது. உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்பில்தான் அதற்கு விடை கொடுத்தது. கூட்டத்தைக் கலைக்க வேண்டியதற்கு மிஞ்சியதும், தானியங்கித் துப்பாக்கியை எதிர்க்கப் போதாததுமாக அது அவ்வளவு காலம் நீடித்ததை வியப்பென்றே சொல்ல வேண்டும்.

பள்ளிக்கு வருவோம். பாறசாலை மாணவர்கள் கேரள, லட்சத்தீவு இயக்குநரகத்தின் கீழும், களியக்காவிளை மாணவர்கள் தமிழ்நாட்டு இயக்குநரகத்தின் கீழும் தேசிய மாணவர் படைப் பயிற்சி பெறுகின்றனர். வீட்டில் பேசுவது தமிழாயினும் மலையாளமாயினும், மைதானத்தில் 'சாவ்தான்', 'விஸ்ராம்' என்னும் இந்திக் கட்டளைகளே இருவர்க்கும் பொது. இப்படையில் துப்பாக்கி இரண்டு வடிவில் வழங்குகிறது. அணிப்பயிற்சிக்கு வரும் பழைய 303 சுடும் ஆற்றல் நீக்கப்பட்டது. ஊசி வெட்டப்பட்டு, குழலின் அறையில் துளையிடப்பட்டு, உலோகத்தின்மேல் 'டி.பி.' என்ற முத்திரை குத்தப்பட்டிருக்கும். அணிப்பயிற்சிக்கு மட்டுமே உரியது என்பது இதன் பொருள். குறிசுடும் பயிற்சிக்கு உரியது 22 அளவுத் துப்பாக்கி. இயக்கும் முறை அதே தாழ்தான். அதன் குண்டு 2.6 கிராம், ஆற்றல் 303இன் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. இலக்கு 25 கெஜத்தில் நின்றாலும், தவறிய குண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் செல்லக்கூடும். சுடுகளத்தின் பின்னால் உயர்ந்த மண்மேடு எழுப்புவது அதனாலேயே.

ஆசிரியர் கவனிக்க வேண்டிய அபாயம் இவ்விரண்டுக்கும் நடுவே உள்ளது. டி.பி. துப்பாக்கியை மாதக்கணக்கில் தூக்கிப் பழகிய சிறுவன், அதன் விசையை விளையாட்டாக இழுத்து ஓசை கேட்டு மகிழ்ந்திருப்பான். தோழனை நோக்கிக் குறிபார்த்தும் இருப்பான். ஒன்றும் நேர்ந்திராது. அதே கை அதே பழக்கத்தோடு ஒருநாள் 22ஐத் தொடும். ஆகவே டி.பி. துப்பாக்கியையும் உயிருள்ள ஆயுதமாகவே நடத்தப் பழக்குவது முறை. கைமாற்றும் ஒவ்வொரு தடவையும் தாழைத் திறந்து, அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்த்தபின்பே கொடுக்கவும் வாங்கவும் வேண்டும். பெட்டியைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று எண்ணுவது தவறு; அறைக்குள் சென்றுவிட்ட தோட்டா பெட்டியோடு வெளியே வருவதில்லை.

கிழக்கே வெள்ளறடைப் பக்கத்து மலையோர விளைகளில் பிரச்சினை வேறு. நெய்யாற்று வனப்பகுதியிலிருந்து இறங்கும் காட்டுப்பன்றிகள் மரச்சீனியையும் வாழைக்கன்றையும் ஒரே இரவில் கிளறிப் போட்டுவிடுகின்றன. 2022 மே மாதத்தில் கேரள அரசு, இவற்றைச் சுட அனுமதிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியது. சுடுபவர் லைசென்ஸ் உள்ள துப்பாக்கியை உடையவராக இருக்க வேண்டும். அவரிடம் 12 போர் குழல் துப்பாக்கி இருக்கலாம். 315 ரைஃபிளும் இருக்கலாம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஊழியர்கள் முன்னரே கேட்டறிவது நல்லது.

315 என்பது 303 குடும்பத்தின் இன்னொரு கிளை. 303ஐயும் 7.62ஐயும் சட்டம் 'தடை செய்யப்பட்ட அளவு' என வகுத்திருப்பதால் சாதாரணக் குடிமகன் அவற்றை வைத்திருக்க இயலாது. அத்தடைக்கு உட்படாத 8 மில்லிமீட்டர்த் தோட்டாவுக்காக இஷாப்பூரில் அதே தாழ் அமைப்போடு செய்யப்பட்டதே 315. 'வேட்டைத் துப்பாக்கி' என்ற பெயரால் ஏமாறலாகாது. அதன் குண்டும் ரைஃபிள் குண்டே. குழல் துப்பாக்கியின் சிறு ரவைகள் சில நூறு மீட்டரில் வலுவிழந்து உதிரும். 315இன் குண்டு பன்றியைத் தவறவிட்டாலோ, உடலைத் துளைத்து வெளியேறினாலோ, அடுத்த விளையைத் தாண்டியும் போகும். அந்தி மயங்கும் நேரத்தில் வாழையிலை அதைத் தடுக்காது. ரப்பர் மரத்தில் பட்டால் எப்பக்கம் திரும்பும் என்று எவராலும் சொல்ல இயலாது. இப்பகுதியில் மேட்டு நிலத்தை வெட்டித் தட்டுத் தட்டாக்கிய விளைகளில், ஆளுயரச் செம்மண் திட்டைகள் பல உண்டு. பன்றி அத்தகைய திட்டைக்கு முன்னால் நிற்கும்போதோ, உயரத்திலிருந்து கீழ்நோக்கியோ சுட்டால் குண்டு மண்ணில் புதைந்துவிடும். மேட்டின் விளிம்பில், வானத்தைப் பின்புலமாகக் கொண்டு நிற்கும் பன்றியைச் சுடலாகாது.

அனுமதியின் எல்லையையும் மறத்தலாகாது. ஒவ்வொரு லைசென்ஸிலும் அது மாவட்டத்துக்குள் செல்லுமா, மாநிலத்துக்குள் செல்லுமா, நாடு முழுவதும் செல்லுமா என்பது குறிக்கப்பட்டிருக்கும். தமிழ்நாட்டு ஏற்பாடும் வேறு. 2025இல் வகுக்கப்பட்ட முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை அங்கே வனத்துறையினரே சுட வேண்டும். எனவே அடிபட்ட பன்றி பனச்சமூட்டைத் தாண்டி விளவங்கோடு தாலுகாவுக்குள் ஓடிவிட்டால், கேரளப் பஞ்சாயத்துத் தலைவரின் உத்தரவு அங்கே செல்லாது. துப்பாக்கியோடு பின்தொடராமல், தாழைத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்துவிட்டு, அப்புறத்து வன அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.